வீட்டை உள்ளிருந்து இடித்த பையன்கள்: ‘தி டெஸ்ட்ரக்டர்ஸ்’ கதையை முதன்முறை படிப்பவர்களுக்கு

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆங்கிலச் சிறுகதைகளில் இளைஞர் கலகத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற முதல் கதை, கிரகாம் கிரீன் எழுதிய ‘தி டெஸ்ட்ரக்டர்ஸ்’. 1954-இல் வந்தது. ஒரு கிழவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் பன்னிரண்டு பையன்கள் சேர்ந்து அவருடைய வீட்டை உள்ளேயிருந்து இடித்துத் தரைமட்டமாக்குகிறார்கள். கதை அவ்வளவுதான். அவர்கள் எதையும் திருடுவதில்லை. கிழவர் மேல் தீர்க்க வேண்டிய பகையும் கிடையாது.

படித்து முடித்ததும் எல்லோரும் கேட்பது “ஏன் இடித்தார்கள்?” என்பதைத்தான். அந்தக் கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். “எப்படி இடித்தார்கள்?” என்று கேட்டுக்கொண்டு கதைக்குள் போங்கள். என்ன கருவி, எந்த வரிசை, யார் சொல்லி யார் செய்தது என்று பாருங்கள். இந்தக் கதையில் பையன்களின் மனது அவர்கள் பேச்சில் இல்லை, கைவேலையில் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த வேலையைப் பின்தொடர்வதற்கானவை. கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம். இன்னும் படிக்காதவர்கள் முதல் இரண்டு படிகளோடு நிறுத்தி, கதையைப் படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: சரியான பிரதியைக் கையில் எடுங்கள்

கிரீனின் ‘ட்வென்ட்டி ஒன் ஸ்டோரிஸ்’ தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. பிற்காலத் தொகுப்புகளிலும் கல்லூரிப் பாடத்திரட்டுகளிலும் கிடைக்கும். கதைக்கு எண்ணிட்ட நான்கு பகுதிகள் உண்டு. உங்கள் பிரதியில் நான்கும் இருக்கின்றனவா, கடைசி வாக்கியம் ஒரு லாரி ஓட்டுநரின் பேச்சாக முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கம் மட்டும் படித்தால் இந்தக் கதையில் ஒன்றுமே மிஞ்சாது. சுருக்கத்தில் முதலில் விழுந்துபோவது கருவிகளும் வேலை வரிசையும்தான்.

படி 2: பின்னணிக்குப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

கும்பல் தினமும் கூடும் இடம் ஒரு கார் நிறுத்துமிடம். அங்கேதான் ‘முதல் பிளிட்ஸின் கடைசிக் குண்டு’ விழுந்தது. 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீதும் பிற நகரங்கள் மீதும் நடத்திய குண்டுவீச்சுக்குத்தான் பிளிட்ஸ் என்று பெயர். போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் லண்டன் தெருக்களில் இப்படிப் பல்லுப்போன இடைவெளிகள் கிடந்தன. பையன்களுக்கு அவைதான் விளையாட்டு மைதானம்.

கும்பலின் தலைவன் பிளாக்கி, அந்தக் குண்டு விழுந்த சத்தத்தைத் தானே கேட்டதாகப் பீற்றிக்கொள்கிறான். அப்போது அவனுக்கு ஒரு வயதுதான், சுரங்க ரயில் நடைமேடையில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று கதைசொல்லி போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். இந்தக் கணக்கை நீங்களும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 1941-இல் ஒரு வயதென்றால் 1954-இல் பதினான்கு. பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலை 4-ஆம் தேதிதான் முழுதாக முடிந்தது. அதாவது இந்தப் பையன்கள் வளர்ந்ததெல்லாம் ரேஷன் காலத்தில். முழு ஊரும் முழு வயிறும் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்களே தவிரப் பார்த்ததில்லை. ரேஷன் முடிந்த அதே ஜூலையில்தான் ‘பிக்சர் போஸ்ட்’ வார இதழில் இந்தக் கதை இரண்டு பாகமாக வெளிவந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1941 ஜனவரியில், ‘பிரிட்டனுக்கு ஒரு திட்டம்’ என்று சிறப்பிதழ் போட்டு, போருக்குப் பின் நாட்டை எப்படிக் கட்டியெழுப்பலாம் என்று பேசிய இதழ் அது. கட்டுவதைப் பற்றிப் பேசிய பக்கங்களிலேயே பதின்மூன்று ஆண்டு கழித்து இடிக்கும் கதை வந்திருக்கிறது.

கதை நடப்பது ஆகஸ்ட் வங்கி விடுமுறையில். அக்காலத்தில் அது ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமை. ஞாயிறும் திங்களும் சேர்ந்து தொடர் விடுமுறை, ஊரே கடற்கரைக்குப் போய்விடும். இடிப்பதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

இவ்வளவு போதும். கிரீனின் வாழ்க்கை வரலாறு, அவர் கத்தோலிக்கராக மாறியது, உளவியல் கட்டுரைகள் எல்லாவற்றையும் மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: முதல் வாசிப்பு, பென்சில் இல்லாமல்

ஒரே அமர்வில் படியுங்கள். நிதானமாகப் படித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போங்கள். சிரிப்பு வந்தால் மட்டும் அந்த இடத்தில் ஓரத்தை மடித்து வையுங்கள். கடைசியில் இது தேவைப்படும். சிரிக்கவே இல்லை என்றால் கதையை ஏதோ துக்க வீட்டுச் சேதியாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். இன்னொரு முறை படியுங்கள்.

படி 4: இரண்டாம் வாசிப்பு, வேலைப் பட்டியல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: நாள், யார், கருவி, எது போனது. கதையிலிருந்து ஒவ்வொரு இடிப்புச் செயலையும் எடுத்து அதில் எழுதுங்கள். ஒழுங்காகச் செய்தால் இருபது வரிக்குக் குறையாமல் வரும்.

திட்டம் டி. என்ற பதினைந்து வயதுப் பையனுடையது. முழுப் பெயர் டிரெவர். அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும் என்பதால் கும்பல் அதை ஓரெழுத்தாக வெட்டிவிட்டது. ஆப்பிளுக்குள் புழு போல உள்ளே போய், வெளியே வரும்போது சுவர் மட்டும் மிஞ்ச வேண்டும், பிறகு சுவரையும் சாய்க்க வேண்டும் என்கிறான். வெளியிலிருந்து கல்லெறிவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். கல்லெறிய ஆத்திரம் போதும். உள்ளிருந்து இடிக்க அறிவு, ஆள்பலம், நேரக்கணக்கு எல்லாம் வேண்டும். “யாருக்கும் இந்த வேலை தெரியாதே” என்று தயங்குபவர்களிடம் “எனக்குத் தெரியும்” என்கிறான் டி. அவன் அப்பா முன்பு கட்டட வடிவமைப்பாளர், இப்போது குமாஸ்தா.

ஞாயிறு காலை பிளாக்கி வந்து பார்க்கும்போது வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவன் கதவுப் பலகைகளை உடைத்து முடித்துச் சுவரடிப் பலகைகளைப் பெயர்க்கிறான், இன்னொருவன் தரையில் பதித்த மரக்கட்டைகளைக் கிளப்புகிறான். டி. கொடுக்கும் உத்தரவுகளைத் தனியாக எழுதிப் பாருங்கள். அடுக்களையில் கண்ணாடி, பீங்கான் எல்லாவற்றையும் உடை. ஆனால் குழாயைத் திறக்காதே, வெள்ளம் இப்போது வேண்டாம். இழுப்பறைகளைக் கவிழ்த்துக் காகிதங்களைக் கிழி. தலையணையைப் பிளந்து விரிப்பைக் கிழி. சம்மட்டியால் நடைவழிச் சுவர்ப்பூச்சைத் தட்டு. ஒரு மேஸ்திரி சித்தாள்களுக்குச் சொல்லும் தோரணைதான் இது. “இப்போது வேண்டாம்” என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிடுங்கள். வெறி பிடித்து அடித்து நொறுக்குபவன் எதையும் பிறகு என்று ஒத்திப்போட மாட்டான்.

திங்கட்கிழமைதான் உண்மையான வேலை. மாடித்தரையின் பலகைகளைப் பெயர்த்ததும் அடியில் உத்திரங்கள் தெரிகின்றன. அவற்றை ரம்பத்தால் அறுத்துவிட்டுப் பையன்கள் நடைக்கூடத்துக்கு ஒதுங்க, தரை சாய்ந்து இறங்குகிறது. அடுத்து சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தைச் சுரண்டத் தொடங்குகிறார்கள். முதலில் மிக உயரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். ஈரத்தடுப்பு அடுக்குக்கு, அதாவது நம்மூர்க் கொத்தனார்கள் டிபிசி என்று சொல்வதற்கு, நேர் மேலே உள்ள இணைப்புகளைப் பலவீனப்படுத்தினால் வேலை பாதியாகும் என்று டி. கண்டுபிடிக்கிறான்.

இதில் ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்டால், கடைசிக் காட்சி நம்பும்படி இருப்பது இதனால்தான். மாடித்தரையும் உத்திரங்களும் எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கின்றன. அவற்றை அறுத்தாயிற்று. அடியில் சாந்தும் போயிற்று. குண்டு அதிர்ச்சியில் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கச் சுவரை இப்போது தாங்கி நிற்பது வெளியே கொடுத்திருக்கும் மர முட்டுகள் மட்டும். அந்த முட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பக்கத்தில் நிற்கும் லாரியில் கட்டிவிட்டால் போதும். செவ்வாய் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுக்கும் ஓட்டுநர் தனக்குத் தெரியாமலே மீதி வேலையை முடித்துவிடுவார். முட்டுகள் முதல் பகுதியிலேயே வந்துவிடுகின்றன. முதல் வாசிப்பில் எல்லோரும் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். பட்டியல் போட்டவருக்குத்தான், போர் சாய்த்துவிட்டுப் போன வீட்டைப் பையன்கள் முழுதாக விழவைத்தார்கள் என்பது கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமை வேலையின் நடுவில்தான், அழிப்பதும் ஒருவகைப் படைப்பே என்று பொருள்படும் பெயர்பெற்ற வாக்கியம் வருகிறது. பையன்கள் படைப்பாளிகளின் அக்கறையோடு வேலை செய்தார்கள் என்று சொல்லும்போது இடையில் செருகப்பட்டது அது. ‘டானி டார்கோ’ திரைப்படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சியில் இந்தக் கதை பேசப்படுவதால், பலர் இந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதைச் சொல்வது டி. அல்ல, கதைசொல்லி. கதைசொல்லியின் குரலில் பாதி வியப்பும் பாதி நக்கலும் கலந்திருக்கும். அதைப் பையன்களின் கொள்கை முழக்கமாக எடுத்துப் படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

படி 5: ஓட்டுகளை எண்ணுங்கள்

இந்தக் கும்பலில் தினமும் வாக்கெடுப்பு நடக்கிறது, தாமதமாக வந்தால் ஓட்டு இல்லை என்ற விதியும் உண்டு. கலகக்காரர்கள் என்று நாம் நினைப்பவர்கள் விதியை மதிக்கிறார்கள். தலைமை ஆட்டம் காணும் இடங்கள் இரண்டு. பேருந்தில் காசு கொடுக்காமல் பயணம் செய்வது என்ற பிளாக்கியின் பழைய விளையாட்டை டி.யின் திட்டம் ஓரங்கட்டும்போது ஒன்று. பிளாக்கி விலகிப் போகிறான், பிறகு திரும்பி வருகிறான். கும்பலின் பெயர் லண்டன் முழுக்கப் பரவும், பெரிய ஆட்களின் கும்பல்கள்கூட மரியாதையாகப் பேசும் என்ற ஆசைதான் அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறது. கதைசொல்லி இதைத் தன்னலமற்ற ஆசை என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார், அதே சமயம் பொய்யும் சொல்லவில்லை.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியம். கிழவர் சொன்ன நேரத்துக்கு முன்பே திங்கட்கிழமை திரும்பி வருகிறார் என்று மைக் ஓடிவந்து சேதி சொல்கிறான். ஒன்பது வயதுப் பொடியன் அவன். டி. தடுமாறிப்போகிறான். அவன் ஒருநாளும் இருந்திராத குழந்தையின் ஆத்திரம் அந்த ஒரு கணத்தில் அவனிடமிருந்து வெடிக்கிறது. கதை முழுவதிலும் டி. உடைந்து தெரிவது இங்கே மட்டும்தான். அப்போது அவனைத் தாங்கிப் பிடித்துத் தலைமையைக் காப்பாற்றுபவன் பிளாக்கி.

படி 6: மூன்று சொற்கள்

தமிழில் யோசித்துப் படிப்பவர்களுக்கு நழுவிப்போகும் சொற்கள் மூன்று உண்டு.

‘அழகான வீடு’ என்று டி. சொன்னதும் பிளாக்கிக்கு உள்ளே உறுத்துகிறது. நமக்கு ‘அழகு’ எல்லோரும் சொல்லும் சொல். அந்தத் தெருப் பையன்களின் வாயில் அது வராது, அது மேல்தட்டு மனிதர்களின் சொல். டி. எந்த வீட்டிலிருந்து வந்தவன் என்பது அந்த ஒரு சொல்லில் வெளிப்பட்டுவிடுகிறது. அவன் அம்மா அக்கம்பக்கத்தாரைவிடத் தன்னை உயர்வாக எண்ணுபவள் என்ற தகவலை இதோடு சேர்த்துப் படியுங்கள். அவன் அந்த வீட்டின் மதிப்பை அறியாமல் இடிக்கவில்லை. நேராகப் போய் மணியடித்து, கிழவரிடம் கேட்டு உள்ளே சுற்றிப் பார்த்திருக்கிறான். இருநூறு ஆண்டுப் பழமையான, திருகுபோல் சுழன்று எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கும் படிக்கட்டைப் பார்த்தவன் கும்பலில் அவன் ஒருவன்தான். பிளாக்கிக்கு அது வெறும் கிழவர் வீடு.

கிழவருக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘ஓல்டு மிஸரி’. துயரம் என்று அகராதி சொல்லும். அந்தச் சொல்லுக்குள்ளேயே கஞ்சன் என்ற சொல்லும் ஒலிக்கிறது. ‘பிசினாறி’ என்று மொழிபெயர்த்தால் பாதி வரும், துயரம் போய்விடும். தாமஸ் என்ற அந்த மனிதர் முன்பு கட்டடம் கட்டி அலங்கரிக்கும் தொழில் செய்தவர். வெள்ளையடிப்பதைத் தானே செய்துகொள்வார். குழாய் வேலை தெரியாது, அதற்குச் செலவழிக்கவும் மனமில்லை. குண்டுவீச்சில் குழாய் கெட்டதிலிருந்து தோட்டத்துக் கோடியிலுள்ள கழிவறையைத்தான் பயன்படுத்துகிறார். தமிழ் வாசகர்கள் இதைச் சாதாரணமாகக் கடந்துபோவார்கள், கொல்லைப்புறக் கக்கூஸ் நமக்குப் பழகியது. கதையில் அந்தத் தூரம்தான் பொறி. கடைசி இரவில் கிழவரை அடைத்து வைப்பது அங்கேதான்.

மூன்றாவது சொல் ‘ஸ்மார்ட்டீஸ்’. நம்மூர் ஜெம்ஸ் மாதிரியான சாக்லேட் மணிகள். கிழவர் மூன்று பொட்டலம் கொடுக்கிறார். பையன்கள் அதில் மகிழ்வதில்லை, எங்கே திருடியது, எதற்கான லஞ்சம் என்று ஆராய்கிறார்கள். பிரிட்டனில் இனிப்புப் பண்டங்களுக்கான பங்கீடு 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. அப்படிப்பட்ட ஊரில் சாக்லேட்டைச் சந்தேகிக்கிறார்கள். இங்கேதான் ஒரு தலைமுறை இன்னொன்றிடமிருந்து எதையும் இனாமாக வாங்க மறுப்பதைப் பார்க்கிறோம். லஞ்சம் வாங்கமாட்டோம் என்று காட்டுவதற்காக அந்தக் காலையெல்லாம் சுவரில் பந்தடித்துச் சத்தம் போடுகிறார்கள். கிழவர் கண்டுகொள்ளவே இல்லை.

படி 7: நோட்டுகள் எரியும் காட்சியைத் தனியாகப் படியுங்கள்

மூன்றாம் வாசிப்பில் இந்த ஒரு காட்சிக்கு மட்டும் இருபது நிமிடம் கொடுங்கள். டி. வீட்டுக்குள் எழுபது பவுண்டு நோட்டுகளைக் கண்டெடுக்கிறான். கிழவரின் சேமிப்பு. பங்கு போடலாமா என்று பிளாக்கி கேட்க, நாம் திருடர்கள் இல்லை என்கிறான் டி. இருவரும் மாறி மாறி ஒவ்வொரு நோட்டாகக் கொளுத்துகிறார்கள். சாம்பல் மிதந்து அவர்கள் தலையில் விழுகிறது, பையன்களுக்கு நரை விழுந்ததுபோல.

கிழவர் மேல் ரொம்ப வெறுப்பா என்று பிளாக்கி கேட்கிறான். வெறுப்பே இல்லை, வெறுத்தால் இதில் வேடிக்கையே இருக்காது என்று பதில் வருகிறது. அன்பு, வெறுப்பு எல்லாம் வெறும் பிதற்றல், இருப்பதெல்லாம் பொருள்கள்தான் என்கிறான். இந்த வரியை எடுத்து, இதோ சூனியவாதம், இதோ தீமை என்று முத்திரை குத்திவிட்டுப் போவது சுலபம். வேலைப் பட்டியல் கையில் இருந்தால் வேறொன்று கேட்கலாம்: பொருள்களைத் தவிர எதுவும் இல்லை என்று சொல்பவன், ஒரு வீட்டை ‘அழகு’ என்று ஏன் சொன்னான்? கதை இதற்குப் பதில் சொல்லவில்லை. நீங்களும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

வெறுப்பில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி மறுநாள் இரவு கிடைக்கிறது. ஒரு பையன் கழிவறையில் மாட்டிக்கொண்டான் என்று பொய் சொல்லிக் கிழவரை வரவழைத்துத் தாழிட்டவர்கள், அவருக்கு ஒரு கம்பளியும் வெண்ணெய் தடவிய பன்னும் கொடுத்தனுப்புகிறார்கள். அந்த வாரத்து ராசிபலனில் பெரிய வீழ்ச்சி ஒன்று நேரக்கூடும் என்று படித்திருந்தவர், வழுக்கும் பாதையில் கால் முறியும் என்று மட்டும் பயந்துகொண்டிருந்தார். சோதிடம் பலித்துவிட்டது, இடம்தான் மாறிப்போயிற்று.

படி 8: ரென் யார் என்று பாருங்கள், அங்கேயே குடியிருக்க வேண்டாம்

டி. முதன்முதலில் வாய்திறந்து சொல்வது, அந்த வீட்டைக் கட்டியவர் ரென் என்று. லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென். 1666-இல் லண்டன் தீப்பிடித்து அழிந்த பிறகுதான் அவருக்கு அந்த ஊரைக் கட்டும் வாய்ப்பு வந்தது. 1940 டிசம்பர் 29 இரவு சுற்றுப்புறமெல்லாம் எரிந்தபோது அந்தத் தேவாலயம் தப்பியது. புகைக்கு மேலே அதன் குவிமாடம் நிற்கும் புகைப்படம் பிரிட்டன் தாக்குப்பிடித்ததன் அடையாளமாயிற்று. குண்டு தொடாத ரென்னைப் பிள்ளைகள் இடிக்கிறார்கள் என்று எழுத ஆசையாக இருக்கும். எழுதலாம், ஒரு பத்தி. ஆனால் ரென் கட்டினார் என்பது டி.யின் அப்பா சொன்னதாக டி. சொல்வது மட்டும்தான். கதைசொல்லி அதை உறுதிசெய்யவில்லை. மொத்தக் கட்டுரையையும் இதன்மேல் கட்டினால் அதற்கும் முட்டு கொடுக்க வேண்டிவரும்.

கிரீன் குடியிருந்த கிளாப்பம் வீடும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணிப் பழைய வீடு. 1940 அக்டோபரில் குண்டு விழுந்து சிதைந்தது. சுவையான தகவல்தான். அதைக் கதைக்குச் சாவியாக மாட்டினால் பையன்கள் காணாமல் போய்விடுவார்கள்.

படி 9: கடைசிச் சிரிப்பு

லாரி ஓட்டுநர் கிழவரை விடுவிக்கிறார். கிழவர் தன் வீடு எங்கே என்று அழுகிறார். இடிபாட்டில் ஒரு குளியல் தொட்டியின் மிச்சத்தைப் பார்த்து ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்கிறார், ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. தொப்பி வைத்த கனவான் போல மிடுக்காக நின்ற வீடு, அடுத்த நொடி இல்லை.

இங்கே உங்கள் மடித்த ஓரங்களுக்குத் திரும்புங்கள். ஓட்டுநரை இரக்கமற்றவர் என்று திட்டுவதற்கு முன்பு, நீங்கள் சிரித்த இடங்கள் எவை என்று பாருங்கள். கழிவறை, ராசிபலன், வெண்ணெய் பன் இவற்றில் ஒன்றிலாவது சிரித்திருப்பீர்கள். கிரீன் அதைக் கணக்கிட்டே எழுதியிருக்கிறார். ஓட்டுநர் பெரியவர், உழைப்பாளி, கும்பலோடு சம்பந்தமில்லாதவர். அவரும் சிரிக்கிறார் என்பதால் இது பிள்ளைகளின் கோளாறு மட்டுமல்ல என்றாகிவிடுகிறது. அவர் சிரிப்பை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் அதுவும் தவறு. டி. அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. தன் வேலை முடிந்ததைப் பார்க்க அவன் நின்றதாகக் கதை காட்டவில்லை.

எழுதும்போது கெட்டுப்போகும் இடங்கள்

வகுப்புக்கோ வாசகர் வட்டத்துக்கோ எழுதுவதானால் எண்ணூறு சொற்களுக்குள் நிறுத்துங்கள். முதல் வாக்கியத்தில் ஒரு பொருள் இருக்கட்டும்: முட்டு, உத்திரம், நோட்டு, எதுவானாலும். ‘போருக்குப் பிந்தைய இளைஞர் விரக்தி’ என்று தொடங்கினால் அந்தக் கட்டுரை எந்தக் கதைக்கும் பொருந்தும், இந்தக் கதைக்கு மட்டும் பொருந்தாது. கிழவர் கொடுமைக்காரர் என்று எழுதாதீர்கள், கதையில் அதற்குச் சான்று இல்லை. பையன்கள் ஏழைகள், அதனால் இடித்தார்கள் என்பதும் நிற்காது. எழுபது பவுண்டை எரித்தவர்கள் அவர்கள். டி.யின் அப்பா கீழே இறங்கிப்போனதை ஒரு இழையாகச் சேருங்கள். கதைசொல்லியே அதை ஒரு துணைவாக்கியத்தில்தான் சொல்கிறார். கும்பலையே வர்க்கப் புரட்சியாக வாசிப்பவர்கள் பிளாக்கி விலகிப்போய்த் திரும்புவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து என்ன படிக்கலாம்

இதே 1954-இல் வந்த வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலை இதோடு ஒப்பிடுவது வழக்கம். அங்கே ஒழுங்கு குலைவதால் அழிவு வருகிறது. இங்கே ஒழுங்கினாலேயே அழிவு சாத்தியமாகிறது. ஆலன் சில்லிட்டோவின் ‘தி லோன்லினஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’ 1959-இல் வந்தது. சீர்திருத்தப் பள்ளியிலிருக்கும் பையன் ஜெயிக்கக்கூடிய ஓட்டப்பந்தயத்தை வேண்டுமென்றே தோற்கிறான். கோபத்துக்கு முகவரி தெரிந்த கதை அது. டி.யிடம் அந்த முகவரி இல்லை.

நமக்கு நெருக்கமான ஒப்பீடு ஒன்றும் உண்டு. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் முதல் நாவல் ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ 1935-இல் லண்டனில் அச்சேறக் காரணமாக இருந்தவர் இதே கிரீன். அதில் 1930-இன் சுதந்திரப் போராட்ட நாட்களில், சுவாமிநாதன் தன் தொப்பியை அந்நியத் துணி எரியும் நெருப்பில் வீசுகிறான், பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கிறான். ஊர்வலத்தின் காரணம் அரசியல், கண்ணாடி நொறுங்கும்போது அவனுக்குக் கிடைப்பதோ வேறொரு சந்தோஷம். அந்தப் பக்கங்களை ‘தி டெஸ்ட்ரக்டர்ஸ்’ படித்த அதே வாரத்தில் படியுங்கள். படி 4-இல் போட்ட நான்கு பத்தித் தாளையே மறுபடி எடுத்து, சுவாமி உடைத்தவற்றை எழுதுங்கள். கருவிப் பத்தியில் கல் என்ற ஒரு சொல்லுக்கு மேல் எழுத அதிகம் இருக்காது.